கிரீஸ் பயணம்: திரும்பி வரும் பணமும் திரும்பாத பணமும்

நடுத்தரக் குடும்பம் ஒன்று ஒரே ஆண்டில் சில இலட்சம் ரூபாயைச் செலவிடும் நேரங்கள் மிகக் குறைவு. வீடு, பிள்ளைகளின் கல்வி, திருமணம், மருத்துவம் என்னும் பட்டியலில் இன்று வெளிநாட்டுச் சுற்றுலாவும் சேர்ந்துள்ளது. ஆயினும் மற்றச் செலவுகளுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. வீட்டுக்கு முன்பணம் கொடுத்தால் ஒப்பந்தம் கையில் இருக்கும். சுற்றுலாவுக்கோ, பயணம் நிகழப் பல மாதங்கள் இருக்கும்போதே, நாம் நேரில் காணாத நிறுவனங்களுக்கு, வேறொரு நாட்டு நாணயத்தில் பணம் செலுத்துகிறோம். விசா மறுக்கப்பட்டாலோ, கடற்காற்று வலுத்துக் கப்பல் நின்றாலோ, வீட்டில் ஒருவர் நோயுற்றாலோ அப்பணத்தில் எவ்வளவு மீளும் என்பதைப் பலர் முன்கூட்டி எண்ணிப் பார்ப்பதில்லை.

இக்கட்டுரை கிரீஸ் நாட்டுப் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு குடும்பம் எந்த வரிசையில் முடிவெடுத்து எந்த வரிசையில் பணம் செலுத்த வேண்டும் என்பதை விளக்குகிறது. விதி ஒன்றே: ஒவ்வொரு செலவையும் ‘திரும்பி வரக்கூடியது’, ‘திரும்பாதது’ என்று இரண்டாகப் பிரித்துக்கொள்க, திரும்பாத பணத்தை இயன்றவரை கடைசியில் செலுத்துக. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் ஏனைய முடிவுகள் எளிதாகும்.

1. நாடும் பருவமும்

பழந்தமிழ் நூல்களில் இடம்பெறும் யவனர் என்னும் பெயர் முதலில் கிரேக்கரைக் குறித்ததே. அவர்களது நாட்டில் ஏறத்தாழ 6,000 தீவுகளும் குறுந்தீவுகளும் உள்ளன. அவற்றுள் மக்கள் வாழ்பவை 227. தலைநகர் ஏதென்ஸ். நாணயம் யூரோ. தீவுகளுக்குச் செல்லும் கப்பல்களில் பெரும்பாலானவை ஏதென்ஸை அடுத்த பிரேயஸ் துறைமுகத்திலிருந்து புறப்படுகின்றன. விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் வரை மெட்ரோ ரயில் நேரடியாகச் செல்கிறது.

எம்மாதத்தில் செல்வது என்பதே முதல் முடிவு. செலவின் பெரும்பகுதியை இதுவே தீர்மானிக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஐரோப்பியர் அனைவரும் விடுமுறையில் இருப்பதால் விடுதிக் கட்டணம் உச்சத்தில் இருக்கும். வெயிலும் கடுமையானது. அண்மைக் கோடைகளில் வெப்ப அலை வீசிய நாட்களில் அக்ரோபோலிஸ் குன்றை நண்பகலில் சில மணி நேரம் மூடிவைத்தனர். இவற்றுக்கு மேலாக, அவ்விரு மாதங்களில் ஏஜியன் கடலில் ‘மெல்டெமி’ என்னும் வடகாற்று வலுவாக வீசும். காற்று குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களைப் புறப்பட விடுவதில்லை. ஆகஸ்ட் 15 அந்நாட்டின் பெரிய சமய விழா; அதனையொட்டிய நாட்களில் கப்பலில் இடம் கிடைப்பதே அரிது.

நவம்பர் முதல் மார்ச் வரை செலவு குறைவு. அம்மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் அரசின் தொல்லியல் இடங்களுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. ஆனால் மழையும் குளிரும் இருக்கும். சிறு தீவுகளில் விடுதிகள் பல மூடப்பட்டிருக்கும். கப்பல்களின் எண்ணிக்கையும் குறையும்.

ஆகவே ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையும் ஏற்ற காலங்கள். நம் பள்ளிகள் பலவற்றில் மே மாதம் விடுமுறை என்பதால் குடும்பங்களுக்கு முதற்காலம் பொருந்தும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கிரேக்கத் திருச்சபையின் ஈஸ்டர் நாள் பல ஆண்டுகளில் மற்றத் திருச்சபைகளின் நாளிலிருந்து வேறுபடும். அந்த வாரத்தில் நகர மக்கள் தீவுகளுக்கும் சொந்த ஊர்களுக்கும் செல்வதால், தேதியை உறுதிசெய்யும் முன் அவ்வாண்டின் ஈஸ்டரைப் பார்த்துக்கொள்க.

2. வழித்தடம்: தீவுகளைக் குறைத்து நாட்களைக் கூட்டுக

முதன்முறை செல்வோர் ஐந்து, ஆறு தீவுகளைப் பட்டியலில் சேர்த்துவிடுகின்றனர். ஒவ்வொரு தீவு மாற்றமும் ஏறத்தாழ அரை நாளைக் கொள்ளும், கப்பற்கட்டணமும் கூடும். பிரேயஸிலிருந்து சாண்டோரினிக்குச் சாதாரணக் கப்பலில் 7 முதல் 8 மணி நேரம் ஆகும். விரைவுப் படகில் நேரம் குறையும்; கட்டணம் மிகும்; காற்று வலுத்தால் முதலில் நிறுத்தப்படுவதும் பெரும்பாலும் அதுவே.

ஒன்பது இரவுகளுக்கு இரண்டு தீவுகள் போதும். ஒரே கப்பல் வழியில் அமைந்த தீவுகளைத் தேர்ந்தெடுப்பது நன்று. எடுத்துக்காட்டாகப் பின்வரும் வழியைக் கொள்ளலாம்.

ஏதென்ஸ், 3 இரவுகள்: அக்ரோபோலிஸ் குன்றும் அதன்மேல் உள்ள பார்த்தினன் கோவிலும் முதன்மையானவை. கி.மு. 447இல் தொடங்கிய பார்த்தினன் கட்டுமானம் கி.மு. 432 அளவில் நிறைவுற்றது. அதன் வரவு செலவுக் கணக்கைப் பளிங்குக் கல்லில் பொறித்து மக்கள் பார்வைக்கு வைத்தனர். அக்கல்வெட்டுகளின் துண்டுகள் இன்றும் உள்ளன. குன்றின் அடியில் 2009இல் திறக்கப்பட்ட அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தையும் தவறவிடலாகாது. ஒரு நாள் ஒதுக்க இயன்றால், ஏறத்தாழ 180 கி.மீ. தொலைவிலுள்ள டெல்ஃபிக்குப் பேருந்தில் சென்று வரலாம்.

நக்சோஸ், 3 இரவுகள்: துறைமுகத்தை அடையும்போதே, கி.மு. ஆறாம் நூற்றாண்டில் தொடங்கி முடிவுறாது நின்ற அப்பல்லோ கோவிலின் பெரும் பளிங்கு வாயில் கண்ணில் படும். புகழ்மிக்க அண்டைத் தீவுகளைக் காட்டிலும் இங்குத் தங்கும் செலவு குறைவு.

சாண்டோரினி, 2 இரவுகள்: எரிமலை வெடிப்பில் புதைந்த அக்ரோத்திரி என்னும் பழநகர் இத்தீவில் உள்ளது. 1967இல் ஸ்பைரிடோன் மரினாட்டோஸ் அங்கு அகழாய்வைத் தொடங்கினார். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட இரண்டு, மூன்று மாடி வீடுகளைக் கூரையிட்ட வளாகத்தினுள் நடந்தே காணலாம்.

மீண்டும் ஏதென்ஸ், 1 இரவு: இந்தக் கடைசி இரவை எக்காரணம் கொண்டும் நீக்கலாகாது. தீவிலிருந்து காலையில் கப்பலேறி அன்று மாலையே விமானத்தைப் பிடிக்கும் திட்டம், காற்று வீசும் நாளில் குடும்பம் முழுவதின் விமானச்சீட்டையும் இழக்கச் செய்யும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, கப்பல் நிறுத்தப்பட்டால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது அடுத்த கப்பலில் செல்லலாம். ஆனால் வானிலை காரணமாக நின்றால் விடுதிச் செலவைக் கப்பல் நிறுவனம் ஏற்க வேண்டியதில்லை. தவறிய விமானத்துக்கு அது பொறுப்புமன்று. கப்பற்சீட்டு திரும்பி வரும் பணம். விமானச்சீட்டு திரும்பாத பணம். இடையில் ஓர் இரவு வைப்பது அத்திரும்பாத பணத்துக்குரிய பாதுகாப்பு.

முதியோர் உடன் வந்தாலோ நாட்கள் குறைவாக இருந்தாலோ, ஏதென்ஸிலேயே தங்கி ஏஜினா தீவுக்கு ஒருநாள் சென்று வரலாம். பிரேயஸிலிருந்து சாதாரணக் கப்பலில் ஒன்றே கால் மணி நேரம்தான். கி.மு. 500 அளவில் எழுந்த அஃபாயா கோவிலின் தூண்கள் அங்குப் பெருமளவு நிலைத்துள்ளன. கிரேக்க உலகில் முதன்முதலில் வெள்ளி நாணயம் அச்சிட்ட இடங்களுள் ஒன்றும் அத்தீவே. ஆமை உருவம் பொறித்த அந்நாணயங்கள் கடல் கடந்தும் செல்லுபடியாயின.

டெலோஸ் தீவையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மிக்கோனோஸ் தீவிலிருந்து அரை மணி நேரப் படகுப் பயணத்தில் இதனை அடையலாம். பருவகாலத்தில் நக்சோசிலிருந்தும் ஒருநாள் சுற்றுப்படகுகள் உண்டு. தீவில் பயணிகள் இரவு தங்க அனுமதியில்லை. கி.மு. 478இல் கிரேக்க நகரங்கள் கூட்டணி அமைத்தபோது, அதன் பொதுநிதியை இத்தீவில்தான் வைத்தன, கி.மு. 454இல் அந்நிதி ஏதென்ஸுக்கு மாற்றப்பட்டது. இங்கிருந்த அப்பல்லோ கோவில் தன் பணத்தை நகரங்களுக்கும் தனியாருக்கும் 10 விழுக்காடு வட்டிக்குக் கடனாக அளித்து, அக்கணக்கையும் கல்லில் பொறித்து வைத்தது. வங்கி வாடிக்கையாளர் ஒருவர் காணத்தக்க இடம் இது.

3. விசா: கிடைக்கும் வரை எதுவும் உறுதியன்று

கிரீஸ் ஷெங்கன் ஒப்பந்த நாடுகளுள் ஒன்று. ஷெங்கன் குறுகியகால விசாவில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை தங்கலாம். பல நாடுகளுக்குச் செல்வதாயின், மிகுதியான நாட்கள் தங்கும் நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும்; நாட்கள் சமமாயின் முதலில் நுழையும் நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விசா எளிதில் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு வேறொரு நாட்டின் வழியே விண்ணப்பிப்பது மறுப்புக்கு வழிவகுக்கும்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதங்கள் முன்னதாகவே அளிக்கலாம். குறைந்தது 15 நாட்கள் முன்னதாக அளித்தாக வேண்டும். பொதுவாக 15 நாட்களில் முடிவு தெரியும். சில விண்ணப்பங்களுக்கு 45 நாட்கள் வரை ஆகலாம். கோடைப் பயணங்களுக்கு விண்ணப்ப மையத்தில் நேரம் எளிதில் கிடைப்பதில்லை. ஆதலால் மூன்று மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நலம்.

கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் குறைந்தது 3 மாதங்கள் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களாவது உடையதாகவும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். 2024 ஜூன் 11 முதல் விசாக் கட்டணம் பெரியவர்க்கு 90 யூரோ. 6 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 45 யூரோ. 6 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணமில்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இக்கட்டணம் திரும்பாது. தவிர்க்க இயலாத ‘திரும்பாத பணம்’ இது ஒன்றே எனலாம்.

மற்ற முன்பதிவுகளை விசா கையில் வரும் வரை நீக்கத்தக்க வகையிலேயே வைத்திருக்க வேண்டும். விண்ணப்பத்துடன் பயண முன்பதிவுக்கும் தங்குமிட முன்பதிவுக்கும் சான்று கேட்பார்கள். அது பணம் திரும்பாத சீட்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. சில ஆயிரம் ரூபாய் குறைகிறதே என்று திரும்பாத வகைச் சீட்டை முதலிலேயே வாங்கினால், அச்சேமிப்புக்காக ஒன்றரை இலட்சத்தைப் பணயம் வைத்தவர்களாவோம்.

விண்ணப்பத்துடன் அளிக்கும் வங்கிக் கணக்கு அறிக்கை பற்றியும் கூற வேண்டும். வருமானம் ஒழுங்காக வருவதும், செலவு அதற்கேற்ப அமைவதும், பயணத்துக்குப் போதிய தொகை இருப்பதும் அதில் தெரிய வேண்டும். விண்ணப்பிக்கும் வாரத்தில் உறவினரிடம் பெருந்தொகை கைமாற்றாக வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டுவது பயன் தராது. திடீரென வந்த வரவு ஐயத்தையே எழுப்பும். பல மாதங்களாகச் சேர்த்துவந்த வைப்பே நம்பத்தக்க சான்று.

4. செலவுத் திட்டம்: ஒரு மாதிரிக் கணக்கு

கணவன், மனைவி, பத்து வயது மகள் ஆகிய மூவர் மேற்கூறிய வழியில் 9 இரவுகள் சென்று வருவதாகக் கொள்வோம். கணக்கின் எளிமைக்காக 1 யூரோவுக்கு 100 ரூபாய் எனக் கொள்ளப்பட்டுள்ளது. விசாக் கட்டணம் நீங்கலான தொகைகள் திட்டமிடுவதற்கான அனுமானங்களே. உங்கள் ஊர், பருவம், வசதி ஆகியவற்றுக்கேற்ப மாற்றிக்கொள்க.

விமானக் கட்டணம்: ரூ. 1,80,000
விசாக் கட்டணம் (90 + 90 + 45 யூரோ): ரூ. 22,500
தங்குமிடம் (9 இரவுகள், நாளொன்றுக்கு 100 யூரோ): ரூ. 90,000
விடுதிகளில் செலுத்தும் அரசு வரி (இரவுக்கு 5 யூரோ): ரூ. 4,500
உணவு (10 நாட்கள், நாளொன்றுக்கு 70 யூரோ): ரூ. 70,000
கப்பற்கட்டணம்: ரூ. 25,000
நுழைவுக் கட்டணங்கள்: ரூ. 20,000
உள்ளூர்ப் போக்குவரத்து: ரூ. 15,000
காப்பீடு: ரூ. 6,000
கூட்டுத்தொகை: ரூ. 4,33,000
எதிர்பாராச் செலவுக்கு 15 விழுக்காடு: ரூ. 65,000
மொத்தம்: ரூ. 4,98,000

இரண்டு குறிப்புகள். முதலாவது, அரசு வரி. கிரீஸ் விடுதிகளில் அறைக்கு இரவொன்றுக்கு இவ்வளவு என்று ஒரு வரி வாங்குகின்றனர். 2025இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான காலத்துக்கு, நட்சத்திரத் தரத்துக்கேற்ப இது 2 முதல் 15 யூரோ வரை இருந்தது. முன்பதிவுத் தளங்கள் காட்டும் கட்டணத்தில் இது பெரும்பாலும் சேர்ந்திருப்பதில்லை. இரண்டாவது, அக்ரோபோலிஸ் நுழைவுச்சீட்டு. 2025 ஏப்ரல் முதல் அதன் முழுக்கட்டணம் 30 யூரோ. நுழையும் நேரத்தைக் குறித்தே சீட்டு வழங்கப்படுகிறது; நாளொன்றுக்கு 20,000 பேர் என்ற வரம்பும் உண்டு. காலை முதல் நேரத்தைத் தேர்ந்தெடுத்து அரசின் இணையதளத்தில் முன்பே வாங்கிக்கொள்க.

எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீட்டைச் சிலர் தேவையற்றது எனக் கருதுவர். மேற்கண்ட பட்டியலில் யூரோவில் செலுத்த வேண்டிய பகுதி மட்டும் 2,470 யூரோ. யூரோவின் மதிப்பு 100 ரூபாயிலிருந்து 105 ரூபாயாக உயர்ந்தால் செலவு 12,350 ரூபாய் கூடும். கப்பல் ஒருநாள் நின்றால் ஓர் இரவு விடுதியும் உணவுமாக இன்னொரு பதினேழாயிரம். இவ்விரண்டும் அரிய நிகழ்வுகள் அல்ல. அந்த 65,000 ரூபாய் செலவாகாமல் மீண்டால் அடுத்த வைப்புக்கு முதலாகும்.

5. பணத்தைத் திரட்டுதல்: முன்னர்ச் சேர்ப்பதா, பின்னர் அடைப்பதா?

மேற்கண்ட 5 இலட்சம் ரூபாயைத் தனிநபர் கடனாகப் பெறுவதாகக் கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு, காலம் 36 மாதங்கள் எனில் மாதத் தவணை 16,607 ரூபாய். மொத்தம் செலுத்துவது ஏறத்தாழ 5,97,900 ரூபாய். அதாவது 97,900 ரூபாய் வட்டி.

அதே குடும்பம் பயணத்துக்கு இரண்டாண்டுகள் முன்பே தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கி மாதம் 20,000 ரூபாய் செலுத்துவதாகக் கொள்வோம். வட்டி 6.5 விழுக்காடு, மூன்று மாதத்துக்கொருமுறை கூட்டு வட்டி எனில், செலுத்திய 4,80,000 ரூபாய் 24 மாத முடிவில் ஏறத்தாழ 5,13,700 ரூபாயாகும். வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதைக் கழித்துப் பார்த்தாலும் வேறுபாடு பெரிது. முதல் வழியில் 5 இலட்ச ரூபாய்ப் பயணத்துக்குக் குடும்பம் ஏறத்தாழ 6 இலட்சம் தருகிறது; இரண்டாம் வழியில் 4,80,000 ரூபாய்தான் தருகிறது. கடன் வழங்கும் துறையில் இருப்போரும் இதனைக் கூறத்தான் வேண்டும்: வருமானம் ஈட்டித் தராத செலவுக்குக் கடன் பெறுவது கடைசி வழியாகவே இருத்தல் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: குடும்பத்தின் அவசரகால வைப்பைப் பயணத்துக்காக உடைத்தலாகாது. ஆறு மாதச் செலவுக்குரிய தொகை தனியாக இருந்து, அதற்குமேல் சேர்ந்ததே சுற்றுலாவுக்குரியது.

6. அந்நியச் செலாவணியும் வரியும்

இந்தியாவில் வாழும் ஒருவர், எல்.ஆர்.எஸ். எனப்படும் ரிசர்வ் வங்கித் திட்டத்தின்கீழ், ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுச் செலவுக்குப் பெறலாம். பான் எண் கட்டாயம். கிரீஸ் போன்ற நாடுகளுக்கு, ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரையே நோட்டுகளாகப் பெறலாம்; எஞ்சியதை அட்டை முதலிய வடிவங்களில் பெற வேண்டும். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள செலாவணிக்கு ரொக்கம் ஏற்கப்படாது. வங்கிக் கணக்கின் வழியே செலுத்துக. இந்திய நோட்டுகளை 25,000 ரூபாய் வரை உடன் எடுத்துச் செல்லலாம். திரும்பிவந்து இறங்கும் நாளில் அது உதவும்.

அடுத்தது, டி.சி.எஸ். எனப்படும், மூலத்தில் வசூலிக்கும் வரி. 2025-26 நிதியாண்டுக்குரிய விதிப்படி, வெளிநாட்டுச் சுற்றுலாவை ஒரே தொகுப்பாக நிறுவனத்திடம் வாங்கினால், 10 இலட்சம் ரூபாய் வரை 5 விழுக்காடும் அதற்குமேல் 20 விழுக்காடும் வசூலிக்கப்பட்டது. தாமே விடுதியும் கப்பலும் பதிவுசெய்து, செலவுக்கு மட்டும் செலாவணி வாங்குவோர்க்கு, ஆண்டுக்கு 10 இலட்சம் ரூபாய் வரை இவ்வரி இல்லை. வரவு செலவுத் திட்டங்களில் இவ்விகிதங்கள் மாறுவதுண்டு. ஆகவே பயணம் செய்யும் ஆண்டின் விகிதத்தை வங்கிக் கிளையில் உறுதிசெய்து கொள்க. முக்கியமானது இது: டி.சி.எஸ். திரும்பி வரும் பணம். அது உங்கள் பான் எண்ணின்கீழ் படிவம் 26ஏ.எஸ்.இல் பதிவாகும். கணக்குத் தாக்கல் செய்யும்போது செலுத்த வேண்டிய வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். மிகுந்தால் திரும்பப் பெறலாம். தாக்கல் செய்ய மறந்தால் அதுவும் திரும்பாத பணமாகிவிடும்.

7. அட்டையைப் பயன்படுத்தும் முறை

பணத்தை மூன்று வடிவங்களில் பிரித்து எடுத்துச் செல்வது நன்று. முதன்மையாக, யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு. ஏற்றும் நாளின் மாற்று விகிதமே நிலைத்திருக்கும் என்பதால், பின்னர் யூரோ உயர்ந்தாலும் பாதிப்பில்லை. முழுத்தொகையையும் ஒரே நாளில் ஏற்றாமல் மூன்று, நான்கு தவணைகளில் ஏற்றினால் சராசரி விகிதம் கிடைக்கும். இரண்டாவதாக, அவசரத்துக்கு ஒரு கடன் அட்டை அல்லது பற்று அட்டை. மூன்றாவதாக, 200 அல்லது 300 யூரோ நோட்டுகள். இம்மூன்றையும் ஒரே பையில் வைத்தலாகாது. ஏதென்ஸ் மெட்ரோவிலும் கூட்டமான தெருக்களிலும் பணப்பைத் திருட்டு உண்டு.

இந்திய வங்கிகள் வழங்கும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தொடக்கத்தில் முடக்கப்பட்டே இருக்கும். புறப்படும் முன் வங்கிச் செயலியில் அதனைத் திறந்து, நாள் வரம்பையும் குறித்துக்கொள்க. சாதாரண அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்தினால் பொதுவாக 2 முதல் 3.5 விழுக்காடு வரை மாற்றுக் கட்டணமும், அக்கட்டணத்தின்மீது சரக்கு சேவை வரியும் சேரும்.

கடைகளிலும் விடுதிகளிலும் அட்டையைக் கொடுத்தவுடன், “யூரோவில் செலுத்துகிறீர்களா, இந்திய ரூபாயில் செலுத்துகிறீர்களா?” என்று கருவி கேட்கக்கூடும். ரூபாய் என்று கண்டவுடன் நமக்கு எளிது எனத் தோன்றும். ஆனால் அவ்வாறு தேர்ந்தால், மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது உங்கள் வங்கியன்று. அக்கடைக்குக் கருவி வழங்கிய நிறுவனம். அவ்விகிதம் சந்தை விகிதத்தைக் காட்டிலும் கூடுதலாகவே இருக்கும். 5 விழுக்காடு கூடுதல் எனக் கொண்டால், 900 யூரோ விடுதிக் கட்டணத்தில் மட்டும் 4,500 ரூபாய் வீணாகும். ஏ.டி.எம்.களிலும் இதே கேள்வி வரும். எங்கும் எப்போதும் யூரோவையே தேர்ந்தெடுக்க வேண்டும். சுற்றுலா வீதிகளில் தனித்து நிற்கும் ஏ.டி.எம்.களைக் காட்டிலும் வங்கிகளின் ஏ.டி.எம்.களே நல்லவை.

நீங்கள் செய்யாத பரிவர்த்தனைக்குக் குறுஞ்செய்தி வந்தால் உடனே அட்டையை முடக்கி வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். தவறு வங்கியுடையதும் வாடிக்கையாளருடையதும் அல்லாத மோசடியாயின், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவர்க்கு இழப்புப் பொறுப்பு இல்லை என்பது 2017இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. ஆகவே வங்கியில் பதிவான கைபேசி எண் வெளிநாட்டிலும் செய்தி பெறும் வகையில் இருக்க வேண்டும்.

8. காப்பீட்டைப் படித்து வாங்குக

விசாவுக்காகக் கிடைத்த மிக மலிவான காப்பீட்டை வாங்கிவிடுவோர் உளர். 30,000 யூரோ மருத்துவக் காப்பு என்பது விசாவுக்கான குறைந்த அளவு மட்டுமே. முன்பே உள்ள நோய்கள், பயண நீக்கம், தவறிய இணைப்பு விமானம், தொலைந்த கடவுச்சீட்டு ஆகியவை அடங்குமா எனப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் முதலியவற்றை விண்ணப்பத்தில் மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் உரிமை மறுக்கப்படும்.

2025 பிப்ரவரியில் சாண்டோரினியைச் சூழ்ந்த கடற்பகுதியில் தொடர் நில அதிர்வுகள் ஏற்பட்டு, ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டு வெளியேறினர். பின்னர் நிலைமை சீரடைந்து தீவு வழக்கம்போல் இயங்குகிறது. ஆயினும் இத்தகைய நிகழ்வு வெளியே தெரிந்தபின் வாங்கும் காப்பீடு அதன் விளைவை ஏற்பது அரிது. எனவே முதல் பெருந்தொகையைச் செலுத்தும் நாளிலேயே காப்பீட்டையும் வாங்கிவிடுவது முறை.

9. கால வரிசை

இதுவரை கூறியவற்றைப் பின்வருமாறு வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

24 மாதங்கள் முன்: தொடர் வைப்பு தொடங்குதல்.

8 மாதங்கள் முன்: பருவம், வழித்தடம் முடிவு செய்தல், அனைவரின் கடவுச்சீட்டுக் காலத்தையும் சரிபார்த்தல்.

5 மாதங்கள் முன்: நீக்கத்தக்க வகையில் விடுதி, விமான முன்பதிவு; காப்பீடு வாங்குதல்.

3 மாதங்கள் முன்: விசா விண்ணப்பம்.

விசா கிடைத்தபின்: விமானச்சீட்டை உறுதிசெய்தல், கப்பற்சீட்டு, அக்ரோபோலிஸ் சீட்டு வாங்குதல், அட்டையில் யூரோவைத் தவணைகளாக ஏற்றுதல்.

1 வாரம் முன்: அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறத்தல், கடவுச்சீட்டு, விசா, காப்பீட்டுப் படிகளை இரண்டிடங்களில் வைத்தல், அவசர உதவி எண் 112ஐக் குறித்துக்கொள்ளுதல்.

திரும்பியபின்: வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடுதல், அட்டைக் கணக்கைச் சரிபார்த்தல், எஞ்சிய செலாவணியை 180 நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைத்தல். 2,000 டாலர் மதிப்பு வரை நோட்டுகளை அடுத்த பயணத்துக்காக வைத்துக்கொள்ளலாம். டி.சி.எஸ். வசூலிக்கப்பட்டிருந்தால் அதற்குரிய சான்றிதழைப் பெற்று வருமான வரிக் கணக்கில் காட்டுதல்.

இவ்வரிசையில் பெருந்தொகைகள் எல்லாம் விசாவுக்குப் பின்னரே உறுதியாகின்றன என்பதைக் கவனிக்கலாம். விசா கிடைக்காமற்போனால் குடும்பம் இழப்பது விசாக் கட்டணமும், நீக்கிப் பெற இயலாத சிறு தொகைகளும்தான். தொடர் வைப்பில் சேர்த்த பணம் அப்படியே கணக்கில் இருக்கும். செப்டம்பரில் மறுபடியும் விண்ணப்பிக்கலாம், அல்லது வேறொரு நாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். பயணத் தேதியை முடிவு செய்ததும், உங்கள் கிளை அலுவலரிடம் அந்நாளைய செலாவணி விகிதத்தையும் டி.சி.எஸ். விதியையும் கேட்டறிந்து கணக்கைத் தொடங்குக.